ஆறு தலைகள், ஒரே கேள்வி

மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர்களை மிரட்டும் பாடம் உயிர்வேதியியல். அதை மேடையிலிருந்து மேஜைக்கு இறக்கிக் கொண்டுவரும் முறை ஒன்று இருக்கிறது. அதற்குத் தேவை பணம் அல்ல, பொறுமை.

அல்சூர் ஏரிக்கு அருகே நிற்கும் திருவள்ளுவர் 18 ஆண்டுகள் முகம் மூடி நின்றவர். 1991இல் நிறுவப்பட்ட சிலைக்கு 2009 ஆகஸ்ட் 9 அன்றுதான் திரை விலகியது. அன்றைய தமிழக முதல்வர் மு. கருணாநிதி திறந்துவைத்தார், அன்றைய கர்நாடக முதல்வர் எடியூரப்பா உடனிருந்தார். நான்கு நாள் கழித்து சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. இரு மாநிலத்து அரசியல் கணக்கும் நேரானது.

கணக்கை விட்டுவிட்டு வள்ளுவர் எழுதியதைப் பார்த்தால், மருத்துவம் பற்றி அவருக்குத் தெளிவான கருத்து இருந்திருக்கிறது. 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளில் அவர் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து பணி செய்பவர். நான்கில் மூன்று மனிதர்கள். மருத்துவம் தனி ஆள் வேலை அல்ல என்பது அந்தக் காலத்திலேயே முடிவான விஷயம்.

ஆனால் மருத்துவர் ஆவதற்கான படிப்பு மட்டும் தனி ஆள் வேலையாகவே நீடிக்கிறது. அல்சூருக்குப் பக்கத்தில் சிவாஜி நகர். அங்கே பௌரிங் மருத்துவமனையோடு இணைந்து ஓர் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நகரின் மற்ற திசைகளில் அரசுக் கல்லூரி, தனியார் கல்லூரி, நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்று இன்னும் பல. பெங்களூரில் மட்டுமல்ல, சென்னையில், மதுரையில், வேலூரில் எங்கே போனாலும் முதலாண்டு வகுப்பின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். படிப்படியாக உயரும் இருக்கைகள், கீழே ஒரு மேஜை, ஒரு திரை, ஓர் ஆசிரியர். 150 பேர் கேட்கிறார்கள். சில இடங்களில் 250 பேர். அறை ஒன்றாக இருந்தாலும் கற்பது தனித்தனியாக.

இந்த அமைப்பில் அதிகம் அடிபடும் பாடம் உயிர்வேதியியல். உடற்கூறியலில் வெட்டிப் பார்க்க உடல் இருக்கிறது. உடலியங்கியலில் அளந்து பார்க்க நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் இருக்கின்றன. உயிர்வேதியியலில் இருப்பதோ அம்புக்குறிகள். ஒரு மூலக்கூறு இன்னொன்றாகிறது, அது வேறொன்றாகிறது, ஒவ்வொரு அம்பின் மேலும் ஒரு நொதியின் பெயர். கிரெப்ஸ் சுழற்சி, யூரியா சுழற்சி, கொழுப்பு அமிலச் சிதைவு என்று பக்கம் பக்கமாக வரைந்து, மனப்பாடம் செய்து, தேர்வுத்தாளில் கொட்டிவிட்டு வரும் மாணவருக்கு மறுவாரம் பாதி மறந்துபோகிறது. மூன்றாம் ஆண்டில் நோயாளியின் கட்டிலருகே நிற்கும்போது மீதிப் பாதியும் காணாமல் போயிருக்கும்.

இதைச் சிரித்துக் கடந்துவிட முடியாது. முதல் கட்டத் தேர்வை நான்கு முயற்சிகளுக்குள் முடிக்காவிட்டால் எம்.பி.பி.எஸ். படிப்பைத் தொடர முடியாது என்பது இப்போதைய விதி. நீட் தேர்வுக்காக இரண்டு மூன்று ஆண்டு தவம் கிடந்து உள்ளே வந்தவர், பென்டோஸ் பாஸ்பேட் பாதையில் வழி தவறி வெளியே போகலாம். அதைவிடப் பெரிய ஆபத்து, மனப்பாடம் செய்தே தேறி, புரியாமலேயே டாக்டராகிவிடுவது.

விதிகளை வகுத்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. இந்திய மருத்துவக் கவுன்சில் 1997இல் கொண்டுவந்த விதிமுறைகள், 18 மாதமாக இருந்த முதல் கட்டத்தை 12 மாதமாகச் சுருக்கின. பாடம் சுருங்கவில்லை, காலம் சுருங்கியது. 2019இல் வந்த புதிய பாடத்திட்டம் வேறு திசையில் போனது. மொத்த நேரத்தில் விரிவுரை மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்றது. அந்தத் திட்டத்தில் உயிர்வேதியியலுக்கு ஒதுக்கப்பட்டது 250 மணி நேரம். அதில் விரிவுரைக்கு 80 மணி. செய்முறையும் சிறுகுழுப் பயிற்சியும் சேர்ந்து 150. மாணவர் தாமாகப் படிக்க 20.

காகிதத்தில் அருமையான ஏற்பாடு. ஆனால் 150 மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்தால் குழுவுக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். அத்தனை ஆசிரியருக்கு எங்கே போவது? இருப்பவர்கள் நாலைந்து பேர் என்றால் 'சிறுகுழு' என்பது 30, 40 பேர் கொண்ட கூட்டமாகிவிடும். அங்கேயும் ஆசிரியர் பேசுவார், மாணவர் எழுதுவார். பெயர்தான் மாறும், வகுப்பு மாறாது.

இந்தச் சிக்கலுக்கு ஒரு விடை மருத்துவத்துக்குச் சம்பந்தமே இல்லாத இடத்திலிருந்து வந்தது. அமெரிக்காவின் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் கற்பித்துக்கொண்டிருந்தவர் லாரி மைக்கேல்சன். 1970களின் இறுதியில் அவருடைய வகுப்பில் மாணவர் எண்ணிக்கை 40இலிருந்து 120 ஆனது. இத்தனை பேருக்கு விரிவுரைதான் ஒரே வழி என்பது பொதுக் கருத்து. மைக்கேல்சன் ஒப்பவில்லை. வகுப்பைச் சிறு குழுக்களாகப் பிரித்தார். ஆனால் குழுவுக்கு ஓர் ஆசிரியர் என்று போகாமல், எல்லாக் குழுக்களையும் ஒரே அறையில் உட்காரவைத்து ஒருவரே நடத்தும்படி வகுப்பின் ஒழுங்கை மாற்றினார். 'டீம் பேஸ்டு லேர்னிங்' என்று பெயர் பெற்ற அதைத் தமிழில் குழுவழிக் கற்றல் எனலாம். 2001ஐ ஒட்டி அமெரிக்க அரசின் கல்வி நிதியுதவியோடு ஹூஸ்டனின் பெய்லர் மருத்துவக் கல்லூரி இதை மருத்துவப் படிப்புக்குள் கொண்டுவந்தது.

குழுவாகப் படிப்பது என்றதும் விடுதி அறையில் நாலு பேர் கூடி அரட்டையடிப்பது நினைவுக்கு வரலாம். இது வேறு. இதற்குக் கறாரான இலக்கணம் உண்டு.

முதலில், பாடம் வகுப்புக்கு முன்பே வீட்டில் படிக்கப்பட வேண்டும். எதைப் படிப்பது, எத்தனை பக்கம் என்பது குறிப்பாகச் சொல்லப்படும். வகுப்பு தொடங்கியதும் பத்துப் பதினைந்து கேள்விகள் கொண்ட சிறு தேர்வு. ஒவ்வொருவரும் தனியாக எழுத வேண்டும். தாள்கள் வாங்கப்பட்டதும் அதே கேள்விகள் மறுபடி தரப்படும். இந்த முறை குழுவாக. ஐந்து முதல் ஏழு பேர் பேசி, ஒரே விடைக்கு வர வேண்டும். லாட்டரிச் சீட்டு போல ஓர் அட்டை. தேர்ந்த விடையின் கட்டத்தைச் சுரண்டினால் உள்ளே நட்சத்திரம் இருந்தால் சரி. இல்லாவிட்டால் மீண்டும் பேசி, அடுத்ததைச் சுரண்டலாம், மதிப்பெண் குறையும். தவறு அந்த இடத்திலேயே, அந்த நிமிடத்திலேயே தெரிந்துவிடுகிறது. கேள்வியே தவறு என்று நினைக்கும் குழு எழுத்து மூலம் மேல்முறையீடு செய்யலாம், புத்தக ஆதாரத்தோடு. அதற்குப் பிறகுதான் ஆசிரியர் வாய் திறக்கிறார். எல்லாக் குழுக்களும் எங்கே தடுமாறினவோ அதை மட்டும் விளக்குகிறார்.

இதெல்லாம் முன்னுரைதான். உண்மையான வகுப்பு அடுத்த கட்டத்தில். நடைமுறைச் சிக்கல் ஒன்று தரப்படும். நான்கு விதிகள்: எல்லாக் குழுவுக்கும் ஒரே சிக்கல்; அது முக்கியமான சிக்கல்; விடை ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும்; எல்லாக் குழுக்களும் ஒரே நேரத்தில் விடையைத் தூக்கிக் காட்ட வேண்டும். 25 குழுவும் ஒரே நொடியில் அ, ஆ, இ, ஈ என்று அட்டையை உயர்த்தும்போது யாரும் யாரையும் பார்த்து மாற்றிக்கொள்ள முடியாது. 'அ' என்றவர்களும் 'இ' என்றவர்களும் எதிரெதிரே நிற்கிறார்கள். ஏன் என்று கேட்பது மட்டுமே ஆசிரியர் வேலை.

உயிர்வேதியியலில் அப்படி என்ன சிக்கலைக் கொடுக்க முடியும்? பீகாரின் முசாஃபர்பூர் மாவட்டம் ஒன்றைத் தந்திருக்கிறது. விலை குழந்தைகளின் உயிர்.

அங்கே 1995 முதல், கோடையில் லிச்சி பழம் அறுவடையாகும் வாரங்களில், குழந்தைகள் விடியற்காலையில் வலிப்பு வந்து மயங்கி விழுந்தார்கள். பலர் இறந்தார்கள். வைரஸ் மூளைக்காய்ச்சல் என்றார்கள், வெப்பத் தாக்குதல் என்றார்கள், பூச்சிமருந்து என்றார்கள். வேலூர் சி.எம்.சி.யில் வைரஸ் ஆய்வில் நெடுங்காலம் பணியாற்றிய டாக்டர் டி. ஜேக்கப் ஜான், முகுல் தாஸ் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து 2014இல் வேறொரு சந்தேகத்தை முன்வைத்தார். இது கிருமி அல்ல, நஞ்சாக இருக்கலாம். லிச்சியைப் பாருங்கள் என்றார். வைரஸ் நிபுணரே வைரஸ் இல்லை என்று சொன்னது கவனிக்கத்தக்கது.

அந்த ஆண்டு மே 26 முதல் ஜூலை 17 வரை முசாஃபர்பூரின் இரண்டு பெரிய மருத்துவமனைகளில் சேர்ந்த இத்தகைய நோயாளிகள் 390 பேர். 122 பேர் இறந்தனர். இந்திய, அமெரிக்க நோய்த்தடுப்பு அமைப்புகள் சேர்ந்து நடத்திய ஆய்வு 2017இல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியானது. ரத்தச் சர்க்கரை அளக்கப்பட்ட 327 பேரில் 204 பேருக்கு அது 70 மில்லிகிராம் அல்லது அதற்கும் கீழே. சோதிக்கப்பட்ட 73 சிறுநீர் மாதிரிகளில் 48இல் லிச்சி நஞ்சின் எச்சம் இருந்தது. லிச்சி தின்றதும் முந்தைய இரவு சாப்பிடாததும் நோயோடு சேர்ந்தே வந்தன.

இதன் பின்னால் இருப்பது முதலாண்டுப் பாடம். இரவு சாப்பிட்ட உணவின் சர்க்கரை கல்லீரலில் கிளைகோஜனாகச் சேமிக்கப்படுகிறது. விடியும்வரை மூளைக்குத் தீனி அதிலிருந்துதான். சத்துக் குறைந்த குழந்தைக்கு அந்தக் கையிருப்பு குறைவு. இரவு பட்டினி என்றால் அதுவும் இல்லை. அப்போது உடல் கொழுப்பை எரித்து, அந்தச் சக்தியில் கல்லீரலில் புதிதாகக் குளுக்கோஸ் செய்யப் பார்க்கும். லிச்சியில், முக்கியமாகப் பழுக்காத காய்களில் உள்ள ஹைப்போகிளைசின் என்ற நஞ்சும் அதன் உறவுப் பொருளும் கொழுப்பு எரியும் அந்தப் பாதையைத் தடுக்கின்றன. கையிருப்பும் இல்லை, புது வரவும் இல்லை. மூளை பட்டினியால் துடிக்கிறது. அதுதான் வலிப்பு.

லிச்சியின் குடும்பத்தைச் சேர்ந்த ஆக்கி பழத்தால் ஜமைக்காவில் வரும் 'வாந்தி நோய்' உயிர்வேதியியல் பாடப்புத்தகங்களில் நெடுங்காலமாக இருக்கிறது. அதே ஹைப்போகிளைசின், அதே தடை. இந்தியாவில் எத்தனையோ தலைமுறை மாணவர்கள் அந்த வரியை அடிக்கோடிட்டுப் படித்துத் தேர்வெழுதியிருப்பார்கள். புத்தகத்து வரிக்கும் முசாஃபர்பூர்க் கட்டிலுக்கும் நடுவே பாலம் போட ஏறத்தாழ இருபது ஆண்டு ஆயிற்று. லிச்சி மட்டுமே காரணமா, வெப்பத்துக்கும் வறுமைக்கும் எவ்வளவு பங்கு என்ற விவாதம் இருக்கிறது. 2019 கோடையில் மீண்டும் 100க்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். ஆனால் சர்க்கரை குறைந்த குழந்தைக்கு உடனே குளுக்கோஸ் ஏற்ற வேண்டும், இரவு பட்டினி போடக் கூடாது என்பவற்றில் விவாதம் இல்லை.

இதை ஒரு குழுவழி வகுப்பில் வைத்துப் பார்க்கலாம். "காலை நான்கு மணி. ஆரம்ப சுகாதார நிலையம். ஐந்து வயதுக் குழந்தை வலிப்போடு வருகிறது. காய்ச்சல் இல்லை. நேற்று பகலெல்லாம் பழத்தோட்டத்தில் இருந்தது, இரவு சாப்பிடவில்லை. முதலில் செய்ய வேண்டியது என்ன? அ: முதுகுத்தண்டு நீர் எடுப்பது. ஆ: வைரஸ் எதிர்ப்பு மருந்து. இ: விரல் நுனியில் சர்க்கரை பார்த்து, குளுக்கோஸ் ஏற்றுவது. ஈ: வண்டி வரவழைத்து மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்புவது."

மேஜையைச் சுற்றி ஆறு பேர். நன்றாக ஆங்கிலம் பேசும் ஒருவர் 'மூளைக்காய்ச்சல்தான், சந்தேகமே இல்லை' என்று அடித்துச் சொல்லக்கூடும். இன்னொருவர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதே பாதுகாப்பு என்பார். அதுவரை பேசாமல் இருந்த ஒருவர், "ராத்திரி சாப்பிடலைன்னா கிளைகோஜன் எங்கேடா மிச்சம் இருக்கும்?" என்று கேட்கலாம். அந்த ஒரு கேள்வியில் மேஜையே திரும்பிவிடும். மாவட்ட மருத்துவமனை இரண்டு மணி நேரத் தூரம். சர்க்கரை இல்லாமல் மூளை அதுவரை தாங்குமா என்று அடுத்தவர் கேட்பார். அட்டை உயரும்போது ஆறு பேரும் ஒரே விடையைப் பிடித்திருப்பார்கள், காரணம் தெரிந்து. அந்த அம்புக்குறி இனி மறக்காது. அதன் முனையில் ஒரு குழந்தை இருக்கிறது.

சரி, இதனால் தேர்ச்சி கூடுகிறதா? கூடுகிறது என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவில் ரைட் ஸ்டேட் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் இரண்டாமாண்டு மாணவர்கள் 178 பேரின் மதிப்பெண்களை ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். குழுவழியில் படித்த பகுதிக் கேள்விகளில் அவர்கள் மற்றப் பகுதிகளைவிடச் சராசரியாக 5.9 சதவீதம் கூடுதலாகப் பெற்றனர். இதில் முக்கியமானது சராசரி அல்ல. முதல் கால்வாசி மாணவர்களுக்குக் கிடைத்த லாபம் 3.8 சதவீதம், கடைசிக் கால்வாசிக்கு 7.9 சதவீதம். பின்பெஞ்சுக்குத்தான் அதிகப் பயன். நியூஜெர்சி மருத்துவப் பள்ளியில் உடற்கூறியல் கற்பித்த நாகஸ்வாமி வாசனும் சகாக்களும் 2011இல் எழுதிய கட்டுரை, இந்த முறை பயனுள்ளது மட்டுமல்ல, சிக்கனமானதும் கூட என்றது. ஆசிரியர் பற்றாக்குறை உள்ள நாட்டுக்கு அந்தச் சொல் இனிக்க வேண்டும்.

தமிழர்களுக்கு நெருக்கமான சிங்கப்பூர் இன்னும் துணிந்து இறங்கியிருக்கிறது. 2007இல் முதல் மாணவர்களைச் சேர்த்த டியூக்-என்.யு.எஸ். மருத்துவப் பள்ளி இந்த முறையின் தன் வடிவத்துக்கு 'டீம்லீட்' என்று பெயரிட்டது. 2013இல் தொடங்கிய லீ காங் சியான் மருத்துவப் பள்ளி தொடக்கத்திலிருந்தே குழுவழிக் கற்றலை முதன்மை முறையாக வைத்தது. இந்தியாவில் நிலைமை தனி மனிதர் ஆர்வத்தோடு நிற்கிறது. கோவை பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரியில் 2007 முதல் இயங்கிவரும் மருத்துவக் கல்வி ஆசிரியர் பயிற்சி மையம் போன்றவை கற்பிக்கும் முறையைப் பற்றி யோசிக்கும் ஆசிரியர்களை உருவாக்கியிருக்கின்றன. ஆர்வமுள்ள ஆசிரியர் ஒன்றிரண்டு பாடங்களில் செய்து பார்க்கிறார். மாணவர் கருத்தைக் கேட்டுக் கட்டுரை எழுதுகிறார். அவர் மாற்றலாகிப் போனால் முறையும் கூடவே போகிறது.

இந்தியச் சூழலில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. தமிழக அரசு 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தந்தது. தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் வெள்ளைக் கோட்டு போட்டு வகுப்புக்கு வந்தார்கள். கர்நாடகத்தில் கன்னட வழியில் படித்து வருகிறவர்களும் அதே நிலையில்தான். இவர்களுக்குப் பாடம் கடினமல்ல. பாடம் பேசும் மொழி கடினம். 150 பேர் நடுவே எழுந்து ஆங்கிலத்தில் சந்தேகம் கேட்க நாக்கு எழாது. ஆறு பேர் நடுவே எழும். அதுவும் கலப்பு மொழியில், அவரவர் பேச்சில். அல்சூர் கடைவீதியில் ஒரே வாக்கியத்தில் தமிழும் கன்னடமும் இங்கிலீஷும் கலந்து வியாபாரம் நடக்கிறதே, அது போல.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. குழுவை ஆசிரியர்தான் பிரிக்க வேண்டும், அதுவும் எல்லோர் முன்னிலையிலும். மாணவர்கள் தாங்களே பிரித்துக்கொண்டால் நண்பர்கள் நண்பர்களோடு, ஊர்க்காரர்கள் ஊர்க்காரர்களோடு, விடுதி விடுதியோடு, சாதி சாதியோடு ஒதுங்கும். தனியே நிற்பவர் தனியே நிற்பார். பிரித்த குழுவை அந்தப் பருவம் முழுக்கக் கலைக்கவும் கூடாது. ஒருவரோடு ஒருவர் பழகி, யாருக்கு எது தெரியும் என்று கண்டுகொள்ளவே சில வாரம் பிடிக்கும்.

எதிர்ப்புகள் இல்லாமல் இல்லை. ஒருவர் உழைப்பில் ஐந்து பேர் குளிர்காய்வார்கள் என்பது முதல் புகார். தனித்தேர்வு இருப்பது அதற்காகத்தான். பருவ முடிவில் குழுவினர் ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடும் ஏற்பாடும் உண்டு. ஆனால் சக மாணவருக்கு நேர்மையாகக் குறைத்து மதிப்பெண் போடும் பழக்கம் நமக்கு இல்லை என்பதும் உண்மை. பழக வேண்டும். நாளை வார்டில் சக டாக்டரின் தவறைச் சுட்டிக்காட்ட வேண்டிய இடம் வரும்.

ஆசிரியருக்கு வேலை குறைகிறது என்பது இரண்டாவது எண்ணம். நேர் மாறு. போன வருடத்துப் படங்களைத் திரையில் ஓட்டுவது எளிது. முசாஃபர்பூர் போன்ற ஒரு கேள்வியை எழுத நாட்கள் ஆகும். நான்கு விடையும் நம்பும்படி இருக்க வேண்டும். வெளிப்படையான விடை என்றால் விவாதம் எழாது. தெளிவற்ற விடை என்றால் சண்டைதான் மிஞ்சும்.

மூன்றாவது புகார் மாணவரிடமிருந்தே வரும்: "சார் பாடமே நடத்துறதில்லை." ஹார்வர்டில் இயற்பியல் வகுப்புகளை வைத்துச் செய்த ஆய்வு 2019இல் வெளியானது. தாங்களே விவாதித்துக் கற்ற வகுப்பில் மாணவர்கள் அதிகம் கற்றார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். நல்ல விரிவுரை எல்லாம் புரிந்துவிட்ட மயக்கத்தைத் தருகிறது. மூளையைக் கசக்கும் வகுப்பு எதுவும் தெரியவில்லை என்ற கூச்சத்தைத் தருகிறது. இதை மாணவருக்கு முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான கணக்கும் பக்கத்தில் இருக்கட்டும்: விரிவுரை வகுப்பில் தோற்றவர்கள் 33.8 சதவீதம், மாணவர் பங்கெடுக்கும் வகுப்பில் 21.8 சதவீதம்.

பெரிய முட்டுக்கட்டை தேர்வு முறைதான். ஆண்டு முழுக்க ஏன் என்று கேட்கப் பழக்கிவிட்டு, இறுதியில் 'சுழற்சியை விவரி' என்று கேட்டால் மாணவர் எதை நம்புவார்? சுழற்சியைத்தான் நம்புவார். கேள்வித்தாள் மாறாமல் வகுப்பு மாறாது. எல்லாம் மாறட்டும் என்று காத்திருந்தாலும் எதுவும் மாறாது.

தொடங்கப் பெரிய செலவில்லை. சுரண்டும் அட்டைக்குப் பதில் விடைக்கட்டங்கள் மேல் ஒட்டுத்தாள் போதும். உயர்த்திக் காட்ட நான்கு வண்ணக் காகிதம் போதும். நகர்த்த முடியாத இருக்கை என்றால் முன்வரிசையில் மூவர் திரும்பி உட்கார்ந்து பின்வரிசை மூவரோடு பேசலாம். ஒரு பருவத்தில் நான்கு பாடங்கள் இப்படி நடத்தினாலே துறைக்கு அனுபவம் கிடைத்துவிடும். எழுதிய கேள்விகளைக் கல்லூரிகள் பகிர்ந்துகொண்டால் வேலையும் பாதியாகும்.

உயிர்வேதியியலுக்குப் பெங்களூர் புதிய ஊர் அல்ல. இந்திய அறிவியல் கழகத்தில் அந்தத் துறை 1921இல் தொடங்கியது. உலகின் உயிர்வேதியியல் புத்தகங்களில் இடம்பெறும் 'ராமச்சந்திரன் வரைபடம்' சென்னைப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அதன் சொந்தக்காரரான ஜி.என். ராமச்சந்திரன் பின்னாளில் பெங்களூருக்கு வந்து அந்தக் கழகத்தில் ஒரு துறையையே உருவாக்கினார். வரைபடத்துக்கு அவர் பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஆனால் 1963இல் வெளியான அந்தக் கட்டுரையில் மூன்று பெயர்கள் உண்டு: ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன். ஆராய்ச்சி எப்போதுமே குழுவாகத்தான் நடந்திருக்கிறது. சிகிச்சையும் அப்படித்தான்.

இரண்டுக்கும் நடுவே இருக்கும் வகுப்பறை மட்டும் தனி இருக்கைகளில் உட்கார்ந்து மேடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. விடியற்காலை நான்கு மணிக்கு வலிப்போடு வரும் குழந்தை, டாக்டருக்குக் கிரெப்ஸ் சுழற்சி ஒப்பிக்கத் தெரியுமா என்று கேட்கப் போவதில்லை. இரவு சாப்பிட்டாயா என்று அவர் கேட்கிறாரா என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது.